டிமென்ஷியா மருந்துச் சோதனைகளில் பூர்வகுடி மக்கள்: நான்கு வழிகளில் எதை முதலில் எடுப்பது?

நாங்கள் பெர்த்துக்கு வந்த முதல் வருடம், டிசம்பர் மாதம். அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறதே என்று ஒரு கிளினிக்குக் கூட்டிப் போயிருந்தேன். "இது என்ன பருவம்?" என்று கேட்டார்கள். நான் அதைத் தமிழில் அம்மாவிடம் கேட்டேன். "மார்கழி பொறக்கப் போகுது, பனிக்காலம்தானே?" என்றார் அம்மா. வெளியே 39 டிகிரி வெயில். தாளில் பூஜ்யம் விழுந்தது.

அம்மாவின் காலண்டர் இன்னும் சிவகங்கையில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அப்புறம்தான் தெரிந்தது, பெர்த் நிற்கிற மண்ணுக்கு உரியவர்களான நூங்கார் மக்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள் என்று: பிராக், புனுரு, ஜெரன், மக்குரு, ஜில்பா, கம்பராங். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று நம் இலக்கணத்திலும் ஆறுதான். அந்தத் தாளில் மட்டும் நான்கு. அம்மா வந்தேறி, அவருக்கு அந்தத் தாள் பொருந்தாதது ஒருபக்கம் இருக்கட்டும். இந்த மண்ணிலேயே பல்லாயிரம் ஆண்டுகளாக இருக்கும் ஒரு பாட்டிக்கும் அது பொருந்தாது என்பதுதான் என்னை உலுக்கியது.

முதியோர் பராமரிப்பில் வேலை பார்ப்பதால் இந்த விஷயம் என்னை விட்டுப் போகவே இல்லை. இதை எழுதுவதும் ஒரு முடிவு எடுக்கத்தான். ஒரு ஆராய்ச்சிக் குழுவின் கையில் ஐந்து வருடத்துக்குப் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் சிந்தனையும் மெல்ல மெல்லக் குறையும் நோய், அதற்கான சிகிச்சைச் சோதனைகளில் ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் இடம்பெற வேண்டும் என்று அந்தக் குழு உண்மையாகவே நினைக்கிறது. பணத்தை எங்கே போடுவது? கூட்டங்களிலும் அறிக்கைகளிலும் நான்கு வழிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யும் அளவுக்குப் பணம் யாருக்கும் கிடைப்பதில்லை. அதனால் வரிசைதான் முக்கியம்.

முதலில், இது ஏன் அவசரம் என்று பார்த்துவிடலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே கிம்பர்லி என்ற பகுதி. அங்கே டெர்பி என்ற சிறு ஊரிலும் சுற்றியுள்ள தொலைதூரக் குடியிருப்புகளிலும் 45 வயதைக் கடந்த பூர்வகுடி மக்கள் 363 பேரைப் பரிசோதித்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது. 12.4% பேருக்கு டிமென்ஷியா இருந்தது. வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தால் தேசிய அளவைப் போல் 5.2 மடங்கு. தொலைதூரத்தில் இருப்பதால் அப்படியோ என்று ஒரு சந்தேகம் வரும். நியூ சவுத் வேல்ஸின் நகரங்களிலும் கடலோர ஊர்களிலும் 60 வயதைக் கடந்த பூர்வகுடி மக்களிடம் (அங்கே அவர்களைக் கூரி என்பார்கள்) நடந்த கூரி ஆய்வில் ஏறத்தாழ மூன்று மடங்கு வந்தது. டோரஸ் நீரிணையில் 45 வயதைக் கடந்தவர்களில் 14.2%. மூன்று இடம், மூன்று குழு, எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டுகின்றன.

மருந்துகளின் பக்கம் பார்த்தால், டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமர் நோய்க்கான லெக்கனெமாப் மருந்தின் சோதனை முடிவு 2022-இல் வந்தது. 1,795 பேர், 18 மாதம், நோய் முற்றும் வேகம் 27% குறைந்தது என்று உலகமே பேசியது. 2025 மே மாதம் ஆஸ்திரேலியாவில் டொனனெமாப் என்ற இன்னொரு மருந்து அனுமதி பெற்றது. இப்படி மருந்துகள் வரிசையாக வருகின்றன. யாருக்கு இந்த நோய் அதிகமோ, அவர்களின் உடலில் இவை எப்படி வேலை செய்யும் என்பதற்குத் தரவு இல்லாமலேயே வருகின்றன.

முதல் வழி: இருக்கிற சோதனைக்கு ஆள் சேர்ப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பெர்த், சிட்னி, மெல்பர்னில் நடக்கும் பெரிய சோதனைகளில் இத்தனை சதவீதம் பூர்வகுடி மக்கள் என்று இலக்கு வைப்பது. அழைத்துவர ஒரு ஊழியர், போக்குவரத்துச் செலவு, தங்க இடம், நல்ல படங்களோடு ஒரு துண்டறிக்கை. நான்கில் இதுதான் சீக்கிரம் ஆரம்பிக்கக் கூடியது, செலவும் குறைவு. ஆறே மாதத்தில் அறிக்கையில் காட்ட ஒரு எண் கிடைத்துவிடும்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆள் வாசல்வரை வந்தாலும் உள்ளே போக முடியாது என்பது முதல் காரணம். அமெரிக்காவில் நடந்த ஏ4 என்ற அல்சைமர் மருந்துச் சோதனையில் கறுப்பினத்தவர்களும் ஹிஸ்பானியர்களும் ஆசியர்களும் முன்வந்தார்கள். ஆனால் மூளையில் அமிலாய்டு என்ற புரதத்தின் படிவு (அல்சைமரின் அடையாளம்) போதாது என்று வெள்ளையர்களைவிட அதிக விகிதத்தில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கிம்பர்லியில் டிமென்ஷியாவோடு சேர்ந்து வருபவை பக்கவாதம், தலைக் காயம், புகைப்பழக்கம். கூடவே சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு. இவற்றில் பலவும் மருந்துச் சோதனையின் விலக்குப் பட்டியலில் இருப்பவை. லெக்கனெமாப் சோதனையில் எம்.ஆர்.ஐ.-யில் நான்குக்கு மேல் நுண் இரத்தக்கசிவு தெரிந்தால் சேர்க்கவில்லை. பாதுகாப்புக்காக வைத்த விதி அது, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த விதி இருக்கும்போது எத்தனை துண்டறிக்கை அடித்தும் பயன் இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. டெர்பிக்கு அருகில் 1936-இல் ஒரு தொழுநோய் மனை திறந்தார்கள். புங்கருன் என்பது அந்த இடத்தின் பெயர். 1986 வரை அது இயங்கியது. கிம்பர்லி முழுவதிலிருந்தும் பூர்வகுடி மக்களைப் பிடித்துக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். பலர் ஊர் திரும்பவே இல்லை. இன்று 70, 80 வயதில் இருக்கும் ஒருவருக்கு இது பாடப்புத்தகச் செய்தி இல்லை, அவருடைய அத்தையோ மாமாவோ போய்த் திரும்பாத இடம். நோயைக் கண்டுபிடித்தால் ஊரைவிட்டுக் கொண்டுபோய்விடுவார்கள் என்பது அவர் கண்ணால் கண்டது. அவரிடம் போய், 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் பெர்த்தில் ஒரு மருத்துவமனைக்கு வாருங்கள், உங்கள் மூளையைப் படம் எடுக்க வேண்டும் என்று சொல்கிறோம். அவர் மறுத்தால் கோப்பில் 'ஆர்வமில்லை' என்று எழுதுகிறோம்.

இரண்டாம் வழி: கருவியையும் விதியையும் மாற்றுவது

இந்த வழியில் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

உலகெங்கும் அதிகம் பயன்படும் ஞாபகச் சோதனைத் தாள் 1975-இல் எழுதப்பட்டது, 30 மதிப்பெண். 100-இலிருந்து ஏழேழாகக் கழி, இந்த ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து எழுத்துக்கூட்டு, இன்று என்ன தேதி. லெக்கனெமாப் சோதனைக்குள் நுழைய அதில் 22 முதல் 30 வரை வாங்க வேண்டும். பள்ளிக்கூடமே பார்க்காத, மூன்று மொழி பேசுகிற, ஆங்கிலம் நான்காவதாக வந்த ஒருவர் எந்த நோயும் இல்லாமலேயே அந்த எண்ணுக்குக் கீழே போகலாம்.

கிம்பர்லியில் டினா லோஜூடிசி, லியோன் ஃப்ளிக்கர் போன்ற மருத்துவர்கள் உள்ளூர் மக்களோடு உட்கார்ந்து வேறொரு சோதனையை உருவாக்கினார்கள். 2006-இல் வெளியானது. கிக்கா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆங்கிலத்திலும் அங்குள்ள வால்மஜாரி மொழியிலும் உருவானது, மொத்தம் 39 மதிப்பெண். பரிசோதகர் பையிலிருந்து ஒரு சீப்பு, ஒரு தகரக் குவளை, ஒரு தீப்பெட்டி எடுத்து வைப்பார். இது என்ன, எதற்கு? ஒரு பாட்டிலைத் திறந்து குவளையில் தண்ணீர் ஊற்றச் சொல்வார். தேதி கேட்பதற்குப் பதில், இது பென்ஷன் வருகிற வாரமா என்று கேட்பார். மனிதர்கள் வேட்டையாடும் விலங்குகளை எல்லாம் ஒரு நிமிடத்தில் சொல்லச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரிந்திருக்கத் தேவையில்லை. மூளையின் அதே வேலைகளைத்தான் இதுவும் அளக்கிறது, அந்த மனிதரின் வாழ்க்கைக்குள் இருந்துகொண்டு அளக்கிறது.

அம்மாவிடம் யாராவது "அடுத்த அமாவாசை என்றைக்கு?" என்று கேட்டிருந்தால் டக்கென்று சொல்லியிருப்பார். விரதம் இருக்கிறவர், நாளை விட மாட்டார்.

இந்தக் கருவி கடல் தாண்டியும் போனது. கனடாவில் மனிடூலின் தீவின் அனிஷினாபே பூர்வகுடிப் பெரியவர்களோடு சேர்ந்து கிறிஸ்டன் ஜாக்லினின் குழு அதைத் தங்கள் மக்களுக்கேற்ப மாற்றி அமைத்தது. நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கென்று மக்கரேனா டட்லி தனியாக ஒரு கருவியில் உழைத்தார். இந்தப் பிரச்சினையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 10/66 என்றொரு ஆய்வுக் குழு 1998-இல் கொச்சியில் தொடங்கியது. டிமென்ஷியா உள்ளவர்களில் 66% பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆராய்ச்சியில் 10% கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயர். படிப்பறிவைச் சாராமல் நோயைக் கண்டுபிடிக்கும் முறையை அவர்கள் சோதித்துப் பார்த்த இடங்களில் சென்னையும் வேலூரும் உண்டு. ஆக, கருவியை மாற்றுவது முடியாத காரியமே இல்லை. ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் இதையே முதலில் எடுக்கலாமே? எனக்கும் வெகுநாள் இந்த எண்ணம்தான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கிக்கா நோய் இருக்கிறதா இல்லையா என்று வடிகட்டுவதற்காகச் செய்த கருவி. மருந்துச் சோதனைக்கு வேண்டியதோ 18 மாதத்தில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தைப் பிடிக்கும் கருவி. லெக்கனெமாபின் மொத்த வெற்றியே 18 மதிப்பெண் அளவுகோலில் 0.45 வித்தியாசம்தான். அந்த அளவுகோல் நோயாளியிடமும் குடும்பத்தினரிடமும் கேட்டு நிரப்புவது: வெளி வேலைகளை எப்படிப் பார்க்கிறார், வீட்டில் பொழுதுபோக்கு என்ன, பணத்தை எப்படிக் கையாளுகிறார். குடும்பத்திலிருந்து பதில் சொல்ல ஒரே ஆள் தொடர்ந்து வர வேண்டும். பாட்டியை இந்த வாரம் பேத்தி பார்க்கிறாள், அடுத்த வாரம் தங்கை மகள், அதற்கடுத்து இன்னொரு ஊரில் இன்னொரு வீடு என்று பராமரிப்பு பல கைகளில் இருக்கும் குடும்பத்தில் அந்த ஒரே ஆள் யார்? நமக்கு இது புரியாத விஷயமா என்ன, நம் வீடுகளிலும் அப்படித்தானே இருந்தது. ஆனால் சோதனைப் படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். இதையெல்லாம் சரிசெய்து, புதிய அளவுகோல் நம்பத்தக்கது என்று நிரூபித்து, மருந்து நிறுவனமும் அரசு ஒழுங்காற்று அமைப்பும் ஏற்றுக்கொள்ளும் வரை கொண்டுபோக ஐந்து வருடம் போதாது.

வயது விதி அப்படியில்லை, அதை நாளைக்கே மாற்றலாம். 2021 கணக்கெடுப்பை ஒட்டிய மதிப்பீட்டின்படி பூர்வகுடி மக்கள் நாட்டு மக்கள்தொகையில் 3.8%. அவர்களுள் 65 வயதைக் கடந்தவர்கள் நூறில் ஐந்தாறு பேர்தான். நோயும் சீக்கிரம் வருகிறது. அதனால்தான் அரசின் முதியோர் சேவையே அவர்களுக்கு 50 வயதில் தொடங்குகிறது. 60, 65 என்று தொடக்க வயது வைத்திருக்கும் எந்தத் தடுப்புச் சோதனையும் இவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. காதும் அப்படித்தான். சிறு வயதில் காதில் சீழ் வந்து வந்து கேள்வித்திறன் குறைந்தவர்கள் அங்கே ஏராளம். கேள்வி காதில் விழாததால் வந்த தவறான பதிலை ஞாபக மறதி என்று எண்ணிவிடக் கூடாது. சோதனைக்கு முன் காதைப் பார்ப்பது பெரிய செலவே இல்லை.

மூன்றாம் வழி: சோதனையை ஊருக்குக் கொண்டுபோவது

குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில்லில் புற்றுநோய் மருத்துவர் சபே சபேசன் முன்னின்று உருவாக்கிய முறை ஒன்று உண்டு. பெரிய மருத்துவமனை மையமாக இருக்கும், சிறிய ஊர் மருத்துவமனை அதன் கிளையாக இருக்கும், காணொளி வழியாக இரண்டும் சேர்ந்து ஒரே சோதனையை நடத்தும். 2016-இல் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் அதை ஒரு மாதிரியாக வெளியிட்டது. புற்றுநோயில் அது வேலை செய்கிறது என்றால் டிமென்ஷியாவில் ஏன் கூடாது?

மருந்தைப் பொறுத்தது. மாத்திரை என்றால் கூடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்து என்றால் யோசிக்க வேண்டும். லெக்கனெமாப் எடுத்தவர்களில் 12.6% பேருக்கு மூளையில் வீக்கம் எம்.ஆர்.ஐ.-யில் தெரிந்தது. பெரும்பாலும் தொந்தரவு இல்லாமல் அடங்கிவிடும், சிலருக்கு ஆபத்தாகும். அதைக் கண்காணிக்க முதல் சில மாதங்களில் பலமுறை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். கிம்பர்லியில் மழைக்காலத்தில் சாலை வெள்ளத்தில் மூழ்கிப் பல நாள் துண்டிக்கப்படும் ஊர்கள் உண்டு. அந்த நேரத்தில் ஒருவருக்குத் தலைவலியும் குழப்பமும் வந்தால், அது மருந்தா வேறெதுவுமா என்று பார்க்க விமானம்தான் வர வேண்டும். இப்படி ஒரு சோதனையை அங்கே நடத்துவது நியாயமா என்று கேட்டால், இன்றைய நிலையில் இல்லை என்றுதான் சொல்வேன்.

நோயைக் கண்டறியும் வேலையை மட்டும் ஊருக்குக் கொண்டுபோகலாம். மூளையில் அமிலாய்டு படிவைப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேனுக்குப் பதில், அல்சைமர் இருந்தால் கூடும் பி-டௌ 217 என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை இப்போது வந்துவிட்டது. ஒரு குழாய் ரத்தம் போதும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் சிறுநீரகம் பழுதானால் இந்தப் புரதத்தின் அளவு ரத்தத்தில் தானாகவே ஏறும். சிறுநீரக நோய் மிகுந்த ஒரு மக்களிடம், வேறு மக்களிடம் எடுத்த அளவை வைத்துக்கொண்டு உனக்கு அல்சைமர் என்று சொல்வது பெரும் பிழையாகிவிடும். முதலில் அவர்களிடமே அளந்து, அவர்களுக்கான எல்லைக்கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ரத்தம் வேண்டும். அங்கேதான் எல்லோரும் தயங்கி நிற்க வேண்டிய இடம் வருகிறது.

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யனுக்குள் வாழும் ஹவாசுபாய் பூர்வகுடி மக்கள் 1990-களில் சர்க்கரை நோய் ஆராய்ச்சி என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தத்தை மனநோய் பற்றியும் அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்படுத்தியது பின்னால் தெரிந்தது. வழக்குப் போட்டார்கள். 2010-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மீதி ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. அங்குள்ள இன்னொரு பூர்வகுடியான நவஹோ மக்கள் 2002-இலேயே தங்கள் நிலத்தில் மரபணு ஆராய்ச்சியை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் எல்கோ தீவு, அதில் கலிவின்கு என்ற ஊர். 1968-இல் டைபாய்டு பரவியபோது அங்குள்ளவர்களிடம் எடுத்த ரத்தம் கான்பராவில் குளிர்பெட்டிக்குள் அரை நூற்றாண்டு இருந்தது. கொடுத்தவர்கள் பலர் இறந்துபோனார்கள். இறந்தவரின் உடலில் ஒரு பகுதி எங்கோ கிடக்கிறது என்றால் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? 2019-இல் இருநூறுக்கும் மேற்பட்ட குழாய்கள் ஊருக்குத் திரும்பி வந்தன, சடங்கோடு. திருப்பிக் கொடுத்தது பூர்வகுடி மக்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு நிர்வாகக் குழுவின் கீழ் இயங்கும் தேசிய மரபணு மையம். அந்த நிர்வாகம் இல்லாதிருந்தால் இன்றும் அவை குளிர்பெட்டியில்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான்காம் வழி: சோதனையே அவர்களுடையதாக இருப்பது

1971-இல் சிட்னியின் ரெட்ஃபர்னில் பூர்வகுடி மக்கள் தாங்களே ஒரு மருத்துவ நிலையத்தை ஆரம்பித்தார்கள். இன்று நாடு முழுவதும் நூற்றுக்கும் மேல் அப்படி இருக்கின்றன. ஊர் மக்களே தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு, அந்த ஊர் ஊழியர்கள். பாட்டி ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போகிற இடம், வாசலில் தெரிந்த முகம். நான்காம் வழி இந்த நிலையங்களின் கையில் சோதனையைக் கொடுப்பது. எந்தக் கேள்வியை ஆராய்வது, யாரைச் சேர்ப்பது, ரத்தம் எடுப்பதா வேண்டாமா, முடிவை யார் முதலில் கேட்பது என எல்லாம் அவர்கள் சொல்வதுதான்.

இது கற்பனை இல்லை. 'லெட்ஸ் சாட்' என்ற ஆய்வு இப்படிப்பட்ட 12 நிலையங்களோடு நடந்தது. டிமென்ஷியாவை அங்கேயே கண்டுபிடித்துக் கவனிக்க ஊழியர்களைத் தயார்படுத்துவதுதான் சோதித்த விஷயம். அதன் வடிவம் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரணமாக ஒரு பாதிக்குச் சிகிச்சை, மறு பாதிக்கு ஒன்றுமில்லை என்று பிரிப்பார்கள். எங்களுக்கு ஒன்றும் தராமல் அளந்துவிட்டுப் போவதற்கா வந்தீர்கள் என்று கேட்கும் ஊரில் அது எடுபடாது. இதில் எல்லா நிலையங்களுக்கும் பயிற்சி உண்டு, யாருக்கு முதலில் என்பதை மட்டும் குலுக்கலில் முடிவு செய்தார்கள். காத்திருக்கும் நிலையம்தான் ஒப்பீட்டுக்கு. அறிவியலும் கெடவில்லை, யாரும் வெறுங்கையோடும் போகவில்லை.

பெர்த்திலேயே இன்னொன்று, 'டம்பா' என்ற தடுப்புச் சோதனை. உடற்பயிற்சி, மருந்துகளைச் சரியாகப் பார்த்துக் கொடுப்பது, அதோடு யார்னிங். யார்னிங் என்றால் வட்டமாக உட்கார்ந்து கதை பேசுவது, நம் ஊர்த் திண்ணைப் பேச்சு மாதிரி. அங்கே அறிவும் முடிவும் அப்படித்தான் கைமாறுகின்றன. 45 வயதிலிருந்தே சேரலாம். ஃபின்லாந்தில் 1,260 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான புகழ்பெற்ற தடுப்புச் சோதனை 60 வயதில்தான் தொடங்கியது. ரத்த அழுத்தத்தை நன்றாகக் குறைத்தால் ஞாபகக் குறைவு தள்ளிப்போகும் என்று 2019-இல் காட்டிய அமெரிக்கச் சோதனையில் 9,361 பேர், அதில் சர்க்கரை நோயாளி ஒருவர்கூட இல்லை. பக்கவாதம் வந்தவர்களும் இல்லை. அந்த முடிவை அப்படியே கிம்பர்லிக்குக் கொண்டுபோவதைவிட, சர்க்கரை உள்ளவர்களையும் சேர்த்து இங்கே கேட்டுப் பார்ப்பது எவ்வளவோ மேல். 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 14 காரணிகளைச் சொல்லி, அவற்றைச் சரிசெய்தால் உலகின் டிமென்ஷியாவில் சுமார் 45% தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. காது கேளாமை, சர்க்கரை, தலைக் காயம், படிப்பின்மை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்த மக்களுக்கு மிக அதிகமாக நேர்ந்தவையும் இவைதான்.

கூரி ஆய்வு இன்னொன்றும் காட்டியது. சிறு வயதில் பட்ட பெருந்துன்பத்துக்கும் முதுமையில் வரும் டிமென்ஷியாவுக்கும் தொடர்பு இருந்தது. பூர்வகுடித் தாய்மாரிடமிருந்து அரசே பிரித்தெடுத்த குழந்தைகள் இன்று 60, 70, 80 வயதுக்காரர்கள். இதை ஒரு காரணியாக எடுத்து ஆராய எந்த மருந்து நிறுவனம் பணம் போடும்? ஊர் கையில் கேள்வி இருந்தால்தான் இந்தக் கேள்வியே எழும்.

இந்த வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. முதல் குறை எண்ணிக்கை. ஒரு நிலையத்தில் டிமென்ஷியா உள்ளவர்கள் சில பத்துப் பேர்தான் இருப்பார்கள். பல நிலையங்கள் சேர்ந்தால்தான் எண்ணிக்கை தேறும், ஒவ்வொன்றின் நிர்வாகக் குழுவும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும். முதல் ஆள் சேருவதற்கு முன் இரண்டு வருடம் பேச்சிலேயே போகலாம், அந்த இரண்டு வருடத்துக்குப் பணம் தருபவர்கள் குறைவு. இரண்டாவது, இந்த நிலையங்களில் வேலைப்பளு ஏற்கெனவே கழுத்தை நெரிக்கிறது. காத்திருக்கும் நோயாளிகளை விட்டுவிட்டு ஆராய்ச்சிப் படிவம் நிரப்பச் சொன்னால் அது இன்னொரு சுமைதான். மூன்றாவது, லெக்கனெமாப் போன்ற மருந்து இவர்களுக்குப் பயன்படுமா என்ற கேள்விக்கு இந்த வழியில் சீக்கிரம் விடை வராது. தன் அம்மாவுக்கு இப்போதே மருந்து வேண்டும் என்று நிற்கும் மகளிடம், தடுப்புச் சோதனை நடத்துகிறோம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த இடத்தில் நின்றவள்தான்.

எதை எடுப்பது

வேகத்தையும் செலவையும் மட்டும் பார்த்தால் முதல் வழி ஜெயிக்கும். அறிவியல் துல்லியம் என்றால் இரண்டாவது. தூரம்தான் தடை என்று நினைப்பவர்களுக்கு மூன்றாவது. நான் பார்ப்பது, ஐந்து வருடம் முடிந்து ஆராய்ச்சியாளர்கள் கிளம்பிப் போன பிறகு அந்த ஊரில் என்ன மிஞ்சும் என்பதை. முதல் வழியில் ஒன்றும் மிஞ்சாது. நான்காவதில் பயிற்சி பெற்ற நான்கு ஊர்க்காரர்கள் மிஞ்சுவார்கள், டிமென்ஷியாவைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரு நிலையம் மிஞ்சும், அடுத்த சோதனைக்கு வருகிறவரிடம் நிபந்தனை போடும் தைரியமும் மிஞ்சும். அதனால் நான்காவதைத்தான் முதலில் எடுப்பேன். இரண்டாவதில் சுலபமானவற்றை, அதாவது வயது விதி, காது பரிசோதனை, கிக்கா, ஒன்றுக்கு மேற்பட்ட உறவினர்களிடம் கேட்பது ஆகியவற்றை, அதோடு முதல் நாளிலிருந்தே சேர்த்துவிடுவேன். ரத்தப் பரிசோதனைக்கு அவர்களுக்கான எல்லைக்கோட்டைக் கண்டுபிடிக்கும் வேலை மூன்றாம் வருடத்தில், ஊர் சரி என்றால் மட்டும். அது முடிந்த பின் பெரிய மருந்துச் சோதனைகளுக்கு ஆள் அனுப்புவது பற்றிப் பேசலாம், அப்போது கதவு உள்ளிருந்தும் கொஞ்சம் திறந்திருக்கும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், முதல் வருடப் பணத்தில் பெரும்பங்கு ஊர் ஊழியர்களின் சம்பளத்துக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் போக வேண்டும். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருக்கும் திட்ட மேலாளருக்கு இல்லை. முதல் கூட்டம் அந்த நிலையத்தில் நடக்க வேண்டும், கேள்வியை அவர்கள் ஆரம்பிக்க வேண்டும். 2018-இல் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-இல் பூர்வகுடி ஆய்வு நிறுவனமும் வெளியிட்ட நெறிமுறைகள் இதையெல்லாம் ஏற்கெனவே வலியுறுத்துகின்றன, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். ரத்தம் எந்த ஊரில், யார் பொறுப்பில் இருக்கும், கொடுத்தவர் இறந்துபோனால் யாரைக் கேட்டு என்ன செய்வது. முடிவுகளைப் பத்திரிகைக்கு முன் ஊர் கேட்கும். நடுவில் எந்த நாளிலும் ஊர் போதும் என்று சொல்லலாம், சொன்னால் ஊழியர்களின் சம்பளம் அந்த வருடம் முடியும் வரை நிற்காது.